எல்லா உடம்புக்கும் இடமுள்ள யோகா வகுப்பு: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 2
பருமனானவர்கள் உத்தானாசனத்தில் (நின்றபடி முன்னால் குனியும் ஆசனம்) குனிய முடியாமல் நிற்பதற்கு விறைப்புதான் காரணம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இடம்தான் போதவில்லை. பாதங்களை ஒட்டி வைத்தால் வயிறு தொடையில் முட்டி, மூச்சு அடைபடும். பாதங்களை இடுப்பைவிடச் சற்று அகலமாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, வயிற்றுச் சதையைக் கையால் மேலே ஒதுக்கிக்கொண்டு குனிந்தால் முதுகு தானாக நீளும். கை தரையில் எட்டாவிட்டால் யோகா கட்டையில் ஊன்றலாம். இந்தக் குறிப்பை வகுப்பு முழுவதுக்கும் சொல்ல வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்துச் சொன்னால் அவர் கூனிக்குறுகிப் போவார்.

ஜூன் 6
உட்கார்ந்து ஆசனம் செய்பவர்களுக்கு வைக்கும் நாற்காலிக்குக் கைப்பிடியும் சக்கரமும் கூடாது. இருக்கை சமமாக இருக்க வேண்டும். நான்கு கால்களும் யோகா விரிப்பின் மேல் நிற்கட்டும், இல்லாவிட்டால் வழுக்கும். பாதம் தரையில் படாதவருக்குக் காலடியில் கட்டை. கண் அழுத்த நோயோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். தொடையில் கை ஊன்றிப் பாதியளவு குனிந்தாலே போதும்.

நாற்காலி, கட்டை, பெல்ட், கயிறு எல்லாவற்றையும் பயிற்சிக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். அப்படியிருக்க, நாற்காலிக்காரர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பது என்ன நியாயம்? ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் பதஞ்சலியின் சூத்திரம் (2.46). கை எங்கே எட்ட வேண்டும் என்று அதில் இல்லை.

ஜூன் 11
மாணவரின் ஆசனத்தை ஆசிரியர் தொட்டுத் திருத்துவதற்கு முன் சம்மதம் வேண்டும். "வேண்டாதவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால் மறுப்பவர்தான் எல்லோர் கண்ணிலும் படுவார். அதனாலேயே பலர் வாய் திறக்க மாட்டார்கள். விரிப்பின் ஓரத்தில் இருபக்க அட்டை வையுங்கள். தொடக்கத்தில் எல்லா அட்டையும் 'வேண்டாம்' பக்கமே மேலே இருக்கட்டும். விரும்புகிறவர் திருப்பிவைப்பார், நடுவில் மனம் மாறினால் மறுபடி திருப்பிக்கொள்வார்.

ஜூன் 15
ஜூன் 21 யோகா நாளுக்கான சுவரொட்டி. ஐ.நா. 2014 டிசம்பரில் அறிவித்து, 2015 முதல் கொண்டாடப்படும் நாள். ஆண்டுதோறும் அதே ஒல்லியான, இளமையான உடம்புதான் படத்தில். 'தொப்பை குறையும்' என்ற வரியை எடுத்துவிட வேண்டும். உடம்பை வெறுக்க வைத்து உள்ளே அழைத்துவிட்டு, அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்த இடத்தில் வாசலில் எத்தனை படி, சக்கர நாற்காலி கழிப்பறைவரை போகுமா, முழுக் கட்டணம், பாதிக் கட்டணம், இலவசம் என்ற மூன்று கட்டண வகைகள் ஆகிய விவரங்கள் வரட்டும். எந்தக் கட்டண வகையைத் தேர்ந்தாலும் சான்று கேட்கப்படாது என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.