கஜா புயலின்போது பணம் அனுப்பும் கடையில்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்போது நான் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றில் கவுண்ட்டர் வேலையில் இருந்தேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, ஆலங்குடி வட்டாரங்களிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்கள். புயல் புரட்டிப்போட்டது அவர்களுடைய ஊர்களைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை நிறையக் கூட்டம் இருந்தும் பணம் அனுப்பியவர்கள் சிலரே. தீபாவளி 6ஆம் தேதிதான் முடிந்திருந்ததால் கையில் இருந்ததை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்கள். அடுத்த சம்பளம் டிசம்பரில்தான். அதைவிடப் பெரிய தடையைப் பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சொன்னார்: "அனுப்பினா மட்டும் எப்படி எடுப்பாங்க அக்கா? கரண்ட் இல்லை, ஏடிஎம் ஓடலை, அம்மா போனும் அணைஞ்சுபோச்சு." நாங்கள் கொடுக்கும் ரசீது, பணம் வங்கிக்குப் போனதற்குத்தான் சாட்சி. அந்தப் பணம் வீட்டில் இருப்பவர் கைக்குப் போனால்தான் உதவி என்பதை அன்றைக்குத்தான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

வழியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி, திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கணக்குக்குப் பணம் அனுப்பி, அங்கேயே பொருள் வாங்கி வேனில் ஏற்றச் சொன்னார்கள். அரிசிக்கு முன்பே அவர்கள் கேட்டது ஜெனரேட்டர். மின்சாரம் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் இல்லாத தெருவில் அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரை அறிந்தவர்களால் மட்டுமே இந்த வரிசையைச் சரியாகப் போட முடியும் என்று நான் நினைக்கிறேன்.

போர்மேனாக வேலை செய்யும் அண்ணன் ஒருவர், கவுண்ட்டர் ஓரமாக நின்று, எங்கள் படிவத்தின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது. மேலத்தெரு முதல் வீட்டில் தொடங்கி, கூரை வீடு எது, ஓட்டு வீடு எது, எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த ஆத்தா தனியாக இருக்கிறார் என்று மனத்திலிருந்தே எழுதிக்கொண்டு போனார். கூரை வீடுகளுக்கு எதிரே மட்டும் 'தார்ப்பாய்' என்று குறித்தார். தம்முடைய வீட்டைக் கடைசியில் எழுதினார்.

சேர்த்த பணத்தை ஒருவரே கொண்டுவந்தபோது, இது யாருடைய பணம், எதற்காகப் போகிறது என்று கேட்பது என் கடமை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் பெயரில் சம்பளத்துக்கு மீறிய தொகை போனால் பின்னால் அவருக்குத்தான் சிக்கல். ஆகவே ஒவ்வொருவரும் தம் அட்டையைக் காட்டி, தம் பங்கைத் தம் பெயரிலேயே, காரணத்தைச் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். வெளிநாட்டு நிவாரணத்துக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி பெற வேண்டும் என்பதையும், தெருவில் உண்டியல் வைக்க நினைத்த இளைஞர்களிடம் எடுத்துச் சொன்னோம். களைத்து வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்தது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த விதி அவர்களையே காக்கிறது. முணுமுணுக்காமல் நின்றார்கள். புயல் தொடாத ஊர்க்காரர்கள் சிலரும், அறைத் தோழருக்காகத் தாங்களும் ஒரு பங்கு போடுவதாகச் சொல்லி அதே வரிசையில் நின்றார்கள்.

மின்சாரம் திரும்பிய பிறகுதான் புயலில் விழுந்த தென்னையைப் பற்றிய பேச்சு வந்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். தேங்காய் வருமானத்தை நம்பி, வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவர்களுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. கன்று நடுவதற்கு முன் விழுந்த மரங்களை அகற்ற வேண்டும். அதற்கான கூலியே சிறு விவசாயிக்குத் தாங்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போகவிருந்த சிலர் பயணத்தைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றைக் கூட்டாக வாங்கிக் கொடுத்தார்கள். யார் தோப்பில் முதலில் அறுப்பது என்பதையும் அதே அண்ணன்தான், வேறொரு தாளில், ஆண் துணை இல்லாத வீடுகளிலிருந்து தொடங்கி எழுதிக் கொடுத்தார்.