நிகோடின் கம்மும் ஏற்காட்டுக் காபியும்

புது வருஷம் பிறந்த கையோடு, பீடி, சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் நிகோடின் கம் கேட்டு எங்கள் மெடிக்கலுக்கு ஆட்கள் வருவார்கள். பொங்கலுக்குள் அதில் பாதிப் பேர், "இது ஒண்ணும் வேலைக்காவல" என்று திரும்பி வந்து நிற்பார்கள். நான் முதலில் கேட்பது, "மெல்லும்போது காபி குடிச்சீங்களா?" என்றுதான். ஏற்காட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்பதே அதிகம்.

எஸ்டேட் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் அப்படித்தான் வந்தார். கடை வாசலிலேயே ஒன்றைப் பிரித்துப் போட்டு, சின்னப் பையன் பபிள்கம் மெல்லுவதுபோல் கடகடவென்று மென்றார். இரண்டே நிமிடத்தில் விக்கல். எச்சிலோடு விழுங்கினால் அப்படித்தான் ஆகும். தொண்டை எரியும், வயிறு புரட்டும். வயிற்றுக்குள் போன நிகோடினில் பெரும்பகுதியை ஈரல் உடைத்துவிடும். மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

மெதுவாக நாலைந்து தடவை மெல்லணும். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும். சுருக்கு அடங்கினால் மறுபடி மெல்லணும். அரை மணி நேரம் இப்படியே.

"அட, புகையிலை அடக்கற மாதிரிங்களா!" என்றார். அதேதான். புகையிலையில் சுண்ணாம்பு குறைந்தால் "ஏறலை" என்று சொல்கிறார்களே, அதன் காரணமும் இதுதான். வாயில் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரானது) இருந்தால்தான் நிகோடின் கன்னத்தின் உட்பக்கம் வழியாக ரத்தத்துக்குள் நன்றாக இறங்கும். கம்மிலும் அதற்காகவே சோடியம் கார்பனேட் மாதிரி ஒரு உப்பைச் சேர்க்கிறார்கள். காபியோ அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சை ஜூஸும் கலர் சோடாவும் அப்படியே. அவற்றைக் குடித்துவிட்டு மென்றால் காசு வீண். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே எதையும் குடிக்கக் கூடாது.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பீடியின் 'கிக்' வராது. புகையை உள்ளே இழுத்தால் பத்து, இருபது வினாடியில் நிகோடின் மூளைக்குப் போய், சுகத்தைத் தரும் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கிளப்பிவிடும். கம்மில் அது உச்சத்தைத் தொடவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். அந்த வேகம்தான் ஆளை அடிமையாக்குகிறது. அது இல்லாததால்தான் கம்மை விடுவது சுலபம்.

"இதுவும் நிகோடின்தானே, அப்போ இதுவும் கெடுதல்தானே?" நியாயமான கேள்வி. நிகோடின் அட்ரினலினைச் சுரக்க வைக்கும், இதயத்துடிப்பை ஏற்றும், தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கும். டிசம்பர் காலையில் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பீடி பற்ற வைப்பவர்களின் விரல் அதனால்தான் இன்னும் ஜில்லிட்டுப் போகிறது. ஆனால் புற்றுநோயைக் கொண்டுவருவது முக்கியமாகப் புகையின் தாரும் புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் என்ற நச்சுப் பொருட்களும்தான். புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடும் கம்மில் கிடையாது. இருந்தாலும் கர்ப்பிணிகள், நெஞ்சுவலி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் வந்தால் நான் கொடுப்பதில்லை. அப்புறம், குழந்தை கையில் சிக்கினால் விஷம். கம்மை மேல் அலமாரியில் வையுங்கள்.

அந்த அண்ணன் பீடியை விட்டுவிட்டார். ஆனால் அடுத்த தடவை தூக்க மாத்திரை கேட்டு வந்து நின்றார். பீடியை விட்ட புதிதில் எரிச்சலும் தூக்கக்கேடும் சகஜம்தான். அதோடு இவருக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புகையிலுள்ள சில பொருட்கள் ஈரலை முடுக்கிவிட்டு, காபியில் தூக்கத்தை விரட்டும் கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகை நின்றதும் அந்த முடுக்கம் போய்விடும். வழக்கமான காபியையே குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தங்கும். நிகோடின் கம்முக்கு அந்த முடுக்கும் வேலை தெரியாது.

"பீடியும் கூடாது, காபியும் கூடாதுன்னா ஏற்காட்டுல எதுக்கும்மா இருக்கணும்?"

காலையில் குடியுங்கள், மத்தியானத்துக்கு மேல் வேண்டாம் என்றேன். மாத்திரை கொடுக்கவில்லை. முனகிக்கொண்டேதான் போனார்.