அப்பாவின் மோரிஸ் மைனருக்குப் புதுப் பட்டை
பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் காரில் பின்னால் டமாலென்று இடிக்கும். குனிந்து பார்த்தால் இடதுபக்க லீஃப் ஸ்பிரிங்கில் (காரின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கு) ஒரு பட்டை உடைந்திருந்தது. இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டேன், ஒன்றை மட்டும் மாற்றினால் கார் சாய்ந்துதான் நிற்கும். (முன்பக்கம் பட்டைக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, அதில் கை வைக்கவில்லை.)

கடற்கரை ஊர் துரு சும்மா விடுமா? ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் நட்டுகளுக்கு முதல்நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அப்புறம் பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கில் தாங்கிக் கழற்றினோம்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்பிரிங் முனைகளில் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, காரைத் தரையில் இறக்கி எடை முழுசாக ஏறிய பிறகுதான் கடைசியாக முடுக்க வேண்டும், தூக்கிய நிலையிலேயே முடுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மாலையில் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து அதே சாலையில் ஓட்டினேன். "இப்பதான்டா உங்கப்பா ஓட்டின மாதிரி இருக்கு" என்றார்.