கேமரா மேடு இருக்கட்டும், மூலையில் வேண்டாம்

போனின் முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும் கேமராவைத் திட்டாதவர்கள் குறைவு. எனக்கு அந்த மேட்டின் மேல் கோபம் இல்லை. அதைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் போனைக் கையில் பிடித்துப் பார்ப்பதைவிட மேசையில் கிடத்திப் பார்ப்பதுதான் அதிகம். பக்கத்தில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே ஒரு விரலால் தட்டுவேன். பெரும்பாலான போன்களில் கேமரா, முன்பக்கத்திலிருந்து பார்த்தால், வலது மேல் மூலைக்குப் பின்னால் இருக்கும். அதனால் மேசையில் வைத்த போன் மூன்று இடங்களில்தான் ஊன்றி நிற்கிறது: அந்த மேடும், கீழ் மூலைகள் இரண்டும். இடது மேல் மூலைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பல செயலிகளில் பின்னால் போகும் அம்புக்குறி இருப்பது சரியாக அந்த மூலையில். தொட்டதும் டக்கென்று சாயும், விரலை எடுத்தால் மறுபடி டக். விசைப்பலகையின் இடது ஓரத்துக்கும் இதே கதிதான். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் எல்லாம் இடப்பக்கம். ‘அ’ அடிக்கும்போதெல்லாம் போன் ஆடும்.

அப்பாவுக்கு இது இன்னும் சிரமம். அவருக்குக் கை லேசாக நடுங்கும். அதனாலேயே போனை மேசையில் வைத்து ஒற்றை விரலால் நிதானமாக அடிப்பார். போன் அசைந்தால் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழும். அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு செய்தி அனுப்புவதற்குள் அவர் சலித்துப்போவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான்.

அப்படியானால் மேட்டையே எடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் பெரிதானால், அதே அகலக் காட்சியைப் பிடிக்க லென்ஸ் அதிலிருந்து அதிகம் தள்ளி இருக்க வேண்டும். 2014-இல் வந்த ஐபோன் 6-இல் 1/3 அங்குல சென்சார்தான். போனின் தடிமன் 6.9 மி.மீ. அதற்கே கேமரா கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. 2022-இல் வந்த ஷாவ்மி 12எஸ் அல்ட்ராவில் ஒரு அங்குல வகை சென்சார். பெயர் அப்படி இருந்தாலும் உண்மையான அளவு ஏறக்குறைய 13.1க்கு 9.8 மி.மீ. பரப்பில் பார்த்தால் பழையதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. இந்த அளவு சென்சாரில் வழக்கமான அகலக் காட்சி கிடைக்க லென்ஸின் குவியத் தூரமே, அதாவது லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி நிற்கும் தூரமே, 9 மி.மீ. அருகில் வேண்டும். போனின் மொத்தத் தடிமன் 8 அல்லது 9 மி.மீ., அதிலும் திரைக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் போனது போகத்தான் மிச்சம். வெளியே வராமல் வேறு வழியில்லை.

போன் முழுவதையும் தடிமனாக்கிப் பேட்டரியைப் பெரிதாக்கட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. எடை கூடினால் மணிக்கட்டு வலிக்கும். 2012-இன் நோக்கியா 808 பியூர்வியூ ஏறத்தாழ 14 மி.மீ. தடிமன், அதிலும் கேமரா இருக்கும் இடம் இன்னும் புடைத்துத்தான் இருந்தது.

பெரிய சென்சாரால் கிடைக்கும் பலனை நான் தினமும் அனுபவிக்கிறேன். ஒற்றை விளக்கு வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளையின் முகம் கலங்காமல் வருகிறது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துத் தாளை மிக அருகில் வைத்து எடுத்தால் நடு வரிகள் பளிச்சென்று இருக்கும், ஓரத்து எழுத்துகள் மங்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூலைக்குப் பதிலாக அகலம் முழுக்க ஒரு பட்டையாக வைத்தால் ஆட்டப் பிரச்சினை தீர்ந்தது. 2021-இல் கூகுள் பிக்சல் 6-இல் அதைத்தான் செய்தது. மேசையில் வைத்தால் தலைப்பக்கம் சற்றே உயர்ந்து, திரை நம் பக்கமாகச் சாய்ந்து அசையாமல் நிற்கும். கையில் பிடிக்கும்போதும் ஆள்காட்டி விரல் அந்தப் பட்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நழுவாது. மற்ற நிறுவனங்களில் பலவும் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். படத்தின் தரம் அவ்வளவு முக்கியமில்லை என்பவர்களுக்கு 2025-இன் பிக்சல் 9ஏ இருக்கிறது. சென்சார் சிறியது, முதுகு ஏறக்குறைய தட்டை.

ஏற்கெனவே மூலை மேட்டுப் போன் வாங்கியவர்களுக்கு, கவர்தான் வழி. ஆனால் எந்தக் கவரும் உதவும் என்று நினைக்க வேண்டாம். மேட்டின் உயரத்துக்குக் கவரின் முதுகும் தடிமனாக இருக்க வேண்டும். பல கவர்களில் கேமராவைச் சுற்றி மட்டும் ஒரு விளிம்பு எழுப்பியிருப்பார்கள். அது லென்ஸைக் காப்பாற்றும், ஆட்டத்தைக் கூட்டும். அப்பாவின் போனுக்கு முதுகு முழுக்கத் தடித்த ஒன்றைத் தேடிப் போட்டிருக்கிறேன், இப்போது அசைவதில்லை. அந்தத் தடிமனில் வயர்லெஸ் சார்ஜிங் மெதுவாகலாம், சில சார்ஜர்களில் பிடிக்காமலே போகலாம். அப்பா வயரில்தான் சார்ஜ் போடுவார் என்பதால் கவலையில்லை.

தூசியையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வளையங்களுக்கு நடுவில் சட்டைப்பை நூலும் அழுக்கும் சேர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷால் முதலில் தட்டிவிட்டு, அப்புறம் துணியால் துடையுங்கள். நேராகத் துணியை வைத்துத் தேய்த்தால் இடையில் மாட்டிய மணல் துகள் சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. லென்ஸ் மேல் ஒட்டும் தனிக் கண்ணாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவில் எதிரே விளக்கு இருந்தால் படத்தில் பச்சைப் புள்ளிகளும் ஒளிக் கீற்றும் கூடுதலாக விழுகின்றன. என் போனில் ஒட்டியிருந்ததை உரித்து எறிந்துவிட்டேன்.