இடியப்பத் தட்டுகளை எண்ணிப் பார்த்தவர்கள்

உதவி கேட்கும் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ‘மதிப்புக்குரிய ஐயா’ என்பதுவரை பேனா தடங்கலில்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு எதை எழுத? கணவர் கட்டட வேலையில் விழுந்து இடுப்பு முறிந்து எட்டு மாதம். நான் இடியப்பம் அவித்து விற்கிறேன். குறூப் லோன் மூன்று கிழமையாகக் கட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்த்தபோது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்த லோனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரின் தலையில் விழும். அறவிட வருபவர் என் வாசலில் கத்துவதில்லை. என் பெயரைச் சொல்லி அடுத்த வாசலில் கத்துவார். மூன்றாம் கிழமை அந்த அடுத்த வாசல் அக்காவே வந்து, “கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது, போய்க் கேள்” என்றார். என்மேல் இரக்கமா, தன் பங்கைக் காப்பாற்றும் யோசனையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாங்கள் சைவம். உதவி என்று வந்து மதம் மாறச் சொன்னவர்களைப் பற்றி மட்டக்களப்பில் கேள்விப்படாதவர் இல்லை. அதனால் தயங்கினேன். எகெட்டில் கேட்பதா, இங்கே கேட்பதா என்ற குழப்பமும் இருந்தது. கரித்தாஸ் எகெட் என்பது கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூகப்பணி நிறுவனம். ஊர் ஊராகத் திட்டம் போட்டு வேலை செய்கிறது. வின்சென்ட் டி போல் சபையில் இருப்பவர்கள் அந்தத் தேவாலயத்துக்குப் போகும் சாதாரண ஆட்கள். சம்பளம் கிடையாது. ஒரு வீடு, ஓர் அடுப்பு என்ற அளவில்தான் அவர்களால் பார்க்க முடியும்.

ஞாயிறு பூசை முடியும்வரை மதிலோரம் நின்றேன். அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டை, விதானையாரின் (கிராம உத்தியோகத்தரின்) கடிதம், கணவரின் கிளினிக் கொப்பி, லோன் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லோன் புத்தகத்தை மட்டும் புரட்டினார். “மற்றதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும் மகள். நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்” என்றார். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை பின்நேரம் அந்த ஆசிரியரும் (எனக்கு அவர் ‘சேர்’) சபையின் அக்கா ஒருவரும் வந்தார்கள். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்களாம். வீட்டில் ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை. அதைத் துடைத்து வைத்தேன். சேர் அதை அக்காவிடம் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். முழங்கால் ‘டக்’ என்றது. சுவரில் மாமாங்கேஸ்வரர் படத்தைப் பார்த்து, “ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போனீர்களா?” என்று விசாரித்தார். எனக்கு மூச்சு வந்தது.

அந்த அக்கா நேரே அடுப்படிக்குப் போனார். இடியப்பத் தட்டுகளைக் கையில் எடுத்து எண்ணினார். பதினான்கு, அதில் ஐந்து ஓரம் பிரிந்தவை. மா எங்கே வாங்குகிறீர்கள், கடனுக்கா, கைக்காசுக்கா, விறகு என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை மிஞ்சுகிறது? மகளின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். கடைக்காரர் கடனுக்குத் தரும் மாவுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் கூட்டி எடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பதை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. பார்த்தால் பயம் வரும் என்று விட்டிருந்தேன்.

2007 மார்ச்சில் யுத்தத்தால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தபோது நான் பள்ளிக்கூடச் சிறுமி. முகாமில் எங்கள் கூடாரத்துக்கு ஓர் இலக்கம். பாய், வாளி, பருப்பு எல்லாம் அந்த இலக்கத்துக்குத்தான் வந்தன. தந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அத்தனை சனத்துக்கு வேறு எப்படிக் கொடுப்பது? ஆனால் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு, ஒருவர் பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்பது கூச்சமாகத்தான் இருந்தது.

போகும்போது சேர் ஒரு கதை சொன்னார். 1833இல் பாரிஸ் நகரில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை இது. முதல் உதவியாகத் தங்கள் அறையில் குளிருக்கு வைத்திருந்த விறகைத்தான் ஓர் ஏழை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்களாம். எனக்கும் இரண்டு கட்டு விறகு தரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காத்திருப்பு. கிழமைக் கூட்டத்தில் பேசித்தான் முடிவெடுப்பார்கள். ஒரு கிழமை கூட்டம் நடக்கவில்லை. உள்ளுக்குள் திட்டினேன், மறைக்க மாட்டேன். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வருமாம். யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவருக்கும் தெரியாதாம். அந்தப் பையில்தான் என் காரியமும் இருந்தது.

கடைசியில் கிடைத்தவை: ஒரு மாதத்துக்கு உலர் உணவு, புதிதாக இருபது தட்டு, ஆவியில் அவிக்க ஒரு பெரிய நீற்றுப்பெட்டி, ஒரு மூடை பச்சையரிசி. மில்லுக்கு அந்த அக்காவே கூட வந்து பணத்தைக் கட்டினார். என் கையில் ஒரு சதமும் தரவில்லை. நான் களவெடுப்பேன் என்றா நினைக்கிறார்கள் என்று கோபம் வந்தது. அன்று பின்நேரமே அறவிடுபவர் வந்து நின்றார். கையில் காசு இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். மறுநாள் மா இருந்திருக்காது. லோனுக்கு அவர்கள் ஒன்றும் தரவில்லை. ஆனால் சேர் என்னோடு லோன் தந்தவர்களின் கிளைக்கு வந்து தவணையைப் பிரித்துத் தரும்படி பேசினார். முதல் நாள் முடியாது என்றார்கள். மூன்றாம் தடவை சம்மதித்தார்கள்.

கேட்கப் போகிறவர்கள் கடனை மட்டும் மறைக்காதீர்கள். நான் இரண்டாவது லோனைச் சொல்லாமல் விட்டு, கணக்கை மறுபடி போட வேண்டி வந்தது.

இப்போது நாளுக்கு 180 இடியப்பம் போகிறது. இன்னும் பதினொரு கிழமை கட்ட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை இருவரும் வருகிறார்கள். சேர் இருபது இடியப்பம் வாங்கி, காசை எண்ணித் தந்துவிட்டு, பாயிலிருந்து எழும்ப மகளைக் கை பிடிக்கச் சொல்வார்.