கிரைண்டருக்கு ஜி மார்க் வாங்கிய அனுபவம்

சேலம் சூரமங்கலம் பக்கம் எங்கள் பட்டறையில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் செய்கிறோம். துபாயில் கடை வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் சரக்கு கேட்டார். விலையெல்லாம் படிந்தபிறகு, "ஜி மார்க் இருக்குல்லண்ணா?" என்றார். வளைகுடா நாடுகளில் மின்சாதனம் விற்கத் தேவையான பாதுகாப்பு முத்திரை அது. எங்களிடம் இல்லை. அதனால் வாங்கக் கிளம்பினோம்.

வளைகுடா நாடுகளின் தர அமைப்பான ஜி.எஸ்.ஓ., மின்சாதனங்களை இரண்டு பட்டியலாக வைத்திருக்கிறது. முதல் பட்டியல் என்றால் தயாரிப்பாளரே ஆவணங்களை வைத்துக்கொண்டு உறுதிமொழி கொடுத்துவிடலாம். மிக்சி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் இரண்டாவது பட்டியல். அதற்கு ஜி.எஸ்.ஓ. அங்கீகரித்த நிறுவனம்தான் சான்று தர வேண்டும். நம்ம ஐ.எஸ்.ஐ. முத்திரை இந்தக் கணக்கில் சேராது.

பெங்களூரில் லேப் பிடித்தோம். தொப்பூர் கணவாய் தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் கல்லைக் கழற்றித் தனியாகச் சாக்கில் கட்டிக்கொள்ளுங்கள். டிரம் நசுங்கிய மாதிரியை வைத்து யாரும் சோதனை செய்யமாட்டார்கள்.

சோதனை, சர்வதேச மின் தர அமைப்பான ஐ.இ.சி.யின் 60335 தரப்படி நடக்கும். அதில் 2-14 என்ற பகுதி சமையலறை இயந்திரங்களுக்கானது. எர்த் தொடர்பின் மின்தடை 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதில் சிக்கல் வரவில்லை. மோட்டாரைத்தான் படுத்தி எடுத்தார்கள். சுழலவிடாமல் பிடித்து வைத்துக் கரண்ட் கொடுத்தார்கள். கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டும் பார்த்தார்கள், ஷார்ட் செய்தும் பார்த்தார்கள். அரிசியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதானே நம் வீட்டு வழக்கம்? அதனால் ஐந்து நிமிடத்தில் நிறுத்தவில்லை, சூடு ஏறி நிலைக்கும்வரை விட்டார்கள். சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோடு புரொடெக்டரை வைண்டிங்கில் வைத்திருந்தது காப்பாற்றியது. அப்புறம், செக்கச்சிவந்த கம்பியை பிளாஸ்டிக் மீது 30 விநாடி அழுத்தும் சோதனை. மலிவு பிளாஸ்டிக் இதில் பிழைக்காது.

உண்மையில் பெரும்பாடு லேப்பில் இல்லை, பாகம் தருகிறவர்களிடம். ஒயர், சுவிட்ச், கெப்பாசிட்டர், பிளாஸ்டிக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக லேப்பில் சான்று கேட்டார்கள். "ஏண்ணா, இத்தனை வருசமா இதைத்தானே வாங்கறீங்க, இப்ப என்ன புதுசா பேப்பரு?" என்றார் சுவிட்ச் தருகிறவர். கோபித்துக்கொண்டு என்ன செய்வது, பேப்பர் இருக்கிற ஆளைத் தேடினோம். எர்த் ஒயர் வெறும் பச்சையாக இருந்தால் போதாது, பச்சையும் மஞ்சளும் கலந்திருக்க வேண்டும். துபாய்க்கான பிளக் செவ்வக முள் கொண்டது, உள்ளே ஃபியூஸ் இருக்கும். எங்கள் 150 வாட் மோட்டாருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்தப் பிளக்கும் இரண்டாவது பட்டியல்தான் என்பதால் அதற்குச் சொந்தமாகச் சான்று இருக்க வேண்டும்.

சவுதிக்கும் சேர்த்தே எடுத்துவிடலாமா என்று யோசித்தோம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊரில் 50. நம்ம 50 ஹெர்ட்ஸ் மோட்டார் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும். கல் வேகமாகச் சுற்றினால் மாவு சூடாகும், இட்லி கெட்டுப்போகும். மோட்டாரையே மாற்ற வேண்டிய வேலை அது. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

லேபிள், க்யூ.ஆர். கோடு எல்லாம் அச்சுக்காரர் பார்த்துக்கொண்டார். உபயோகக் குறிப்பு அரபியில் வேண்டும், அதற்கு மட்டும் நல்ல ஆளாகப் பிடியுங்கள்.

இன்னொன்று. சான்று வாங்கியபின் பாகத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மறுபடி லேப்புக்குத்தான் போக வேண்டும். இது பாகம் விற்கிறவருக்கும் தெரியும். லேப் பொறியாளர் சொன்னதைக் கேட்டு, கெப்பாசிட்டருக்கு இரண்டு கம்பெனி பெயரை முதலிலேயே பட்டியலில் சேர்த்திருந்தோம். சான்று கைக்கு வந்த கொஞ்ச நாளில் ஒருவர் விலையை ஏற்றினார். மற்றவரிடம் ஆர்டர் போட்டுவிட்டோம்.