அம்மா ஏறிய றப்பர் வள்ளம்

யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான மயிலிட்டியில் பிறந்து வளர்ந்தும் அம்மா ஒருநாளும் மீன்பிடி வள்ளத்தில் ஏறியதில்லை. அம்மப்பா விட்டதில்லை. 1990இல் போரால் ஊரை விட்டு வந்தபிறகு கடற்கரையும் தூரமாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு 68 வயதில்தான் ஒரு திறந்த வள்ளம் வாய்த்தது, அதுவும் வடதுருவ வட்டத்துக்கு அப்பால்.

மாமா எண்பதுகளில் நோர்வேக்குப் போய், அதன் வடகோடியில் பின்மார்க் பக்கம் மீன் ஆலையில் வேலை செய்தவர். இப்போது அங்கே துரொம்சோ நகரில் இருக்கிறார். "அக்கா, திமிங்கிலம் காட்டுறன், வாங்கோ" என்று இரண்டு வருடமாகக் கேட்டு, போன டிசம்பரில்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அந்த மாதத்தில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. நடுப்பகலில் கொஞ்ச நேரம் விடியற்புறம் போல ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

துரொம்சோவிலிருந்து வாகனத்தில் நாலு மணித்தியாலம் போக ஷெர்வோய் என்ற ஊர் வருகிறது. மலைகளுக்கு நடுவே உள்நுழைந்த கடலில் குளிர்காலத்துக்கு ஹெரிங் மீன் ஒதுங்கும். அதைத் தின்ன ஓர்கா என்கிற கொலைத் திமிங்கிலமும் கூன்முதுகுத் திமிங்கிலமும் வரும். ஹெரிங் என்றால் எங்கட சூடை மீனுக்குச் சொந்தம்தான், அளவில் பெரிது.

தலை தொடக்கம் கால்வரை ஒரே உடுப்பாக, விழுந்தாலும் மிதக்கும் உடுப்பு ஒன்றை மாட்டிவிட்டார்கள். அம்மாவின் சேலைத் தலைப்பை உள்ளே செருக மாமிக்குப் பத்து நிமிடம் பிடித்தது. வள்ளம் ஓடத் தொடங்கியதும் காற்று முகத்தில் ஊசியாகக் குத்தியது. அம்மா முன்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி வாய் திறக்கவில்லை.

பிறகு கையைத் தூக்கினா. "தம்பி, அங்க பார், பறவை விழுகுது. மீன் ஏறுது."

வள்ளம் ஓட்டிய தண்டயலும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினைத் தணித்தார். முதலில் ஓர்காக்கள், ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு ஆறடி வரை வளருமாம், அது கறுத்தப் பாய்மரம்போல நிமிர்ந்து வந்தது. மீனைச் சுற்றி வளைத்துப் பந்தாகத் திரட்டி, வாலால் அடித்து மயக்கித்தான் தின்னும் என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கொதித்தது. ஹெரிங் வெள்ளிக்காசாய்த் தெறிக்க, நடுவிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று வாய் பிளந்தபடி எழுந்தது. எங்களுக்கும் அதற்கும் முப்பது முழம் இருக்கும். தாடையின் கீழே நீள நீளமாய் வரி. அது விட்ட மூச்சு எங்கள் மேல் தூறலாய் விழுந்தது.

"கருவாட்டு மணம்," என்றா அம்மா. அவ கண் நிறைந்திருந்தது.

அது வாலைத் தூக்கி அமிழ்ந்தபோது அடிப்புறத்து வெள்ளைத் திட்டுகள் வடிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தத் திட்டு வேறு. அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். இங்கே வயிறு நிரப்பிக்கொண்டு, குட்டி ஈனக் கரிபியன் கடல்வரை போகிறவையும் இதற்குள் உண்டு. அவ்வளவு தூரம் போய்விட்டு அடுத்த குளிருக்குத் திரும்பியும் வருகின்றன.

ஊர் வந்தபிறகு அம்மாவை மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். 2017இல்தான் அது இராணுவத்திடமிருந்து எங்கட ஆக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. மீன் வாங்க நின்ற பெண்களுக்கு, துறையில் கட்டியிருந்த பலநாள் மீன்பிடிக் கலம் ஒன்றை அம்மா காட்டினா. "அணியம் தொடங்கிப் பின்பக்கம் வரைக்கும். அவ்வளவு நீளம். பக்கத்தில நிண்டது, பிள்ளையள்."